பேராதனையில் தொடங்கிச் செங்கலடியில் முடிகிற ரோடு

முதல் நாள் – 2025 பெப்ரவரி 20, வியாழன்

கண்டி பஸ் ஸ்டாண்டில் முதலில் கருவாட்டு மணம் வந்தது. அப்புறம்தான் தர்ஷினி வந்தாள். தோளில் ஒரு பை, கையில் பழைய சேலைத் துணியால் நாலு சுற்றுச் சுற்றிய ஒரு பொதி. "சுறாக் கருவாடுகா, அம்மாக்கு. வழி முழுக்கக் கொண்டக்டர் முறைச்சபடி" என்றாள். எட்டு வருஷம் கழித்துப் பார்க்கிறோம். கட்டிப்பிடித்ததில் அந்த மணம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். அவள் மட்டக்களப்புப் பக்கம், செங்கலடி. நான் புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டம். "வா வா" என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டே இருந்தோமே தவிர, ஒருத்தி ஊருக்கு ஒருத்தி போனதில்லை. இந்த முறை ஐந்து நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். பார்க்க வேண்டிய இடங்களை ஒரு தாளில் எழுதியே கொண்டுவந்தாள்: நுவரெலியா, ஹோர்டன் சமவெளியின் உலக முடிவு, ஒன்பது வளைவுப் பாலம், துன்ஹிந்த நீர்வீழ்ச்சி. சிவனொளிபாத மலையும் இருந்தது. அதை நானே வெட்டிவிட்டேன். சீசன்தான், ஆனால் என் முழங்காலுக்கு அது சீசன் இல்லை.

அந்தத் தாளைப் பார்த்தபோது ஒரு உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதில் நுவரெலியா தவிர வேறு எதையும் நான் பார்த்ததில்லை. அதுவும் பள்ளிக்கூடச் சுற்றுலாவில். "இஞ்சயே பிறந்து வளர்ந்த பிள்ளை நீ!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். தேயிலைக்குள் பிறந்தவளுக்குத் தேயிலையைப் பார்க்கக் காசு செலவழிக்கத் தோன்றுமா?

புசல்லாவை பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு. பேராதனையைத் தாண்டும்போது போனில் வரைபடத்தை நோண்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று என் கையைக் கிள்ளினாள். "இந்த ரோடு எங்க முடியுது தெரியுமாகா? எங்கட சந்தியில!"

பார்த்தேன். உண்மைதான். ஏ5 நெடுஞ்சாலை. பேராதனையில் தொடங்கி, கம்பளை, புசல்லாவை, ரம்பொடை, நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா என்று ஏறி இறங்கிச் செங்கலடியில் போய் முடிகிறது. நாங்கள் படித்த இடத்தில் ரோட்டின் தலை, அவள் வீட்டுச் சந்தியில் வால். நடுவில் எங்கள் தோட்டம். நாலு வருஷம் ஒரே அறையில் படுத்திருந்தும் இரண்டு பேருக்கும் இது தெரியவில்லை. அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது: ரோட்டோடு போவது, பதுளையில் அவளை பஸ் ஏற்றிவிடுவது.

கம்பளை வந்ததும் அவளுக்குக் கொஞ்சம் சரித்திரம் சொன்னேன். (டீச்சர் வேலையின் வியாதி.) இந்தப் பக்கத்தில்தான் 1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்ற வெள்ளைக்காரர் கோப்பித் தோட்டம் போட்டார். அந்தக் கோப்பிக்குத்தான் எங்கள் ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தார்கள். தலைமன்னாரில் இறங்கி, காட்டுக்குள்ளே நடந்து மாத்தளைக்கு. வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 1869 இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது, கொஞ்ச வருஷத்தில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867 இலேயே லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். கம்பஸ் வாசலில் கலஹா சந்தி இருக்கிறதே, அந்த ரோட்டால் மேலே போனால் அந்தத் தோட்டம்தான். அவள் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டாள்.

வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) அம்மா நின்றிருந்தார். "மாமி" என்று தர்ஷினி போய்க் கையைப் பிடித்தாள். அவர்கள் பக்கம் சிநேகிதியின் தாயை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அம்மாவுக்குச் சிரிப்பு. "மாமிங்கிறியே புள்ள, எனக்கு ஆம்பளப் புள்ளையே இல்லையே!"

ரொட்டி, தேங்காய்ச் சம்பல், சாயத் தண்ணி. கருவாட்டில் இரண்டு துண்டை அம்மா அப்போதே சுட்டுவிட்டார். அடுத்த காம்பராக்காரர்கள் (பக்கத்து லய வீட்டுக்காரர்கள்) மணத்துக்கு எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் ஆளுக்கொரு துண்டு போயிற்று.

சாப்பிட்டுவிட்டு அடுப்படியில் குளிர் காயும்போது தர்ஷினி கேட்டாள், "கடல் பார்த்திருக்கீங்களா மாமி?"

"ஒரு தடவ பார்த்தேன்" என்றார் அம்மா. "அக்காவ ஏத்திவுட தலைமன்னாருக்குப் போனோம். எனக்கு பதிமூணு வயசு. கப்பல் போற வரைக்கும் பார்த்துக்கிட்டே நின்னோம். கடல எங்க பார்த்தோம், கப்பலத்தான் பார்த்தோம்."

பெரியம்மா குடும்பத்துக்கு இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம். 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்களே, அந்தக் கணக்கில் அக்கா அங்கே, தங்கை இங்கே. பெரியம்மா இப்போது நீலகிரியில். அங்கேயும் தேயிலைதான்.

தர்ஷினி ஒன்றும் பேசவில்லை. மூன்று கம்பளி போர்த்திப் படுத்திருக்கிறாள். நான் அடுப்பு வெளிச்சத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் நாள் – வெள்ளி

காலையில் பீலிக்கரையில் தர்ஷினி போட்ட சத்தத்தில் லயமே, எங்கள் வரிசை வீடுகள் முழுக்க, எழும்பிவிட்டது. முகம் கழுவப் போனவள் நேரே தலையைக் கொண்டுபோய்ப் பீலிக்குக் கீழே நீட்டிவிட்டாள். மட்டக்களப்பு வாவித் தண்ணீர் என்று நினைத்திருப்பாள்.

கொழுந்து மலைக்கு அவளை அம்மாதான் கூட்டிக்கொண்டு போனார். ஓய்வு பெற்று வருஷம் சில ஆகியும் கைக்காசுக்குப் போய்க் கொஞ்சம் எடுப்பார். இரண்டு இலையும் மொட்டும் என்று புத்தகத்தில் படித்ததை தர்ஷினி செய்து பார்த்தாள். பத்து நிமிஷத்தில் ஒரு பிடி. அம்மா அதைக் கையில் வாங்கி, முத்தல் இலையைப் பொறுக்கி எறிந்தார். மிச்சம் நாலு கொழுந்து. எங்கள் தோட்டத்தில் ஒரு பேர் (முழு நாள் சம்பளக் கணக்கு) போட 18 கிலோ எடுக்க வேண்டும் என்றதும் தன் கையிலிருந்த நாலையும் பார்த்துக்கொண்டாள். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. 18 கிலோ வராவிட்டால் அரைப் பேர்.

படம் எடுக்கலாமா என்று பக்கத்து நிரையில் நின்ற அக்காவிடம் கேட்டாள். "பவுடர் போட்டுக்கிட்டு வந்துருவேன், செத்த இருங்க" என்று அவர் சொல்ல, மலையே சிரித்தது. ரோட்டோரம் வான்கள் நின்று, கேட்காமலே எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். கேட்டது இவள் ஒருத்தி.

பத்து மணி பஸ்ஸில் ரம்பொடை. நீர்வீழ்ச்சி 109 மீட்டர் உயரம். பெப்ரவரியில் தண்ணீர் குறைவு, பாலத்தில் நின்று பார்த்தால் போதும். சின்மயா மிஷன் கட்டிய ஆஞ்சநேயர் கோவிலில் கும்பிட்டுவிட்டு முற்றத்துக்கு வந்தால், கீழே கொத்மலை நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கிறது. 1985 இல் மகாவலித் திட்டத்தில் கட்டியது, 201 மெகாவாட் மின்சாரம். அடியில் வயலும் வீடும் விகாரையும் இருக்கின்றன. தண்ணீர் நன்றாக வற்றினால் கடதொர விகாரையின் மிச்சம் தலைகாட்டும். இன்று ஒன்றும் தெரியவில்லை. தர்ஷினிக்கு இந்த இடம்தான் இதுவரை பிடித்தது. பரந்த தண்ணீரைப் பார்த்ததும் முகம் தெளிந்துவிட்டது.

பிற்பகல் லபுக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. நாங்கள் 'ஸ்டோர்' என்போம். மாமா முப்பது வருஷம் ஸ்டோரில் வேலை செய்தவர். ஆனால் நான் உள்ளே போவது இதுவே முதல் தடவை. வழிகாட்டிப் பெண் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைதான், முதலில் இங்கிலீஷில் தொடங்கி, என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு வந்துவிட்டாள். மேல் மாடியில் நீளத் தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பி, கீழேயிருந்து காற்றடித்து வாட்டுகிறார்கள். பாதி ராத்திரிக்கும் மேலே இது நடக்கும். கொழுந்து வதங்கி, கையில் பிடித்தால் உடையாமல் துணி மாதிரி மடங்க வேண்டும். அப்புறம் உருட்டும் மெஷின். அதில் இலை நசுங்கிச் சாறு வெளியே வந்ததும் காற்றுப் பட்டு நிறம் மாறத் தொடங்கும். பச்சை போய்ச் செம்பு நிறம். எந்த நிமிஷத்தில் இதை நிறுத்திச் சூட்டுக்கு அனுப்புவது என்பதில்தான் தேயிலையின் ருசி இருக்கிறதாம். அதை மணத்தை வைத்தே சொல்லிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். மாமா அப்படிப்பட்டவர். வீட்டில் சோறு அடிப்பிடிப்பதை மட்டும் அவருக்குச் சொல்லத் தெரியாது. கடைசியில் சலித்து, தரம் பிரிப்பது. நாலரைக் கிலோ கொழுந்து போனால் ஒரு கிலோ தேயிலை வரும்.

வெளியே வரும் வழியில் கடை. வெள்ளி மொட்டுத் தேயிலை, சின்னப் பெட்டி, விலையைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டோம். எங்கள் வீட்டில் குடிப்பது தோட்டத்தில் கொடுக்கிற தூள். "அம்மாட சாயத் தண்ணிதான் நல்லம்" என்றாள். நான் அதை மறுக்கவில்லை.

இரவு நுவரெலியா. 1,868 மீட்டர். அறைக்காரர் மூக்கைச் சுளித்து, "மீன் ஏதாவது கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டார். கருவாடு வீட்டோடு நின்றுவிட்டது, மணம் மட்டும் பையோடு வந்திருக்கிறது.

மூன்றாம் நாள் – சனி

இன்று கொஞ்சம் வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

ஹோர்டன் சமவெளிக்கு விடிய நாலரைக்கு வான் பேசியிருந்தோம். ஒன்பது மணிக்கு முன்னால் உலக முடிவில் நிற்க வேண்டும், அதற்குப் பிறகு மூடுபனி ஏறிவிடும் என்று எல்லோரும் படித்துப் படித்துச் சொன்னார்கள். வான் வந்தது ஐந்தேகாலுக்கு. பாதி வழியில் டயர் காற்றுப் போய், மாற்று டயரிலும் காற்றில்லை. டிரைவர் தம்பி போனும் கையுமாக நின்றார். கோபம் வந்தது, ஆனால் அந்தக் குளிரில் சேர்ட்டோடு நின்ற பிள்ளையை என்னவென்று ஏசுவது? என் சால்வையைக் கொடுத்தேன்.

வாசலில் பைகளைத் திறந்து பொலித்தீனை எல்லாம் வாங்கிக்கொள்கிறார்கள். தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூட உரித்துவிடுகிறார்கள். மிக நல்ல வேலை. உள்ளே ஒரு குப்பையை நான் பார்க்கவில்லை. வழியில் ஒரு மரை (பெரிய மான்), ஆளைக் கண்டு பயமில்லாமல் புல் தின்றுகொண்டு நின்றது. தர்ஷினி அதோடு கால் மணி நேரத்தைக் கழித்தாள்.

மொத்தம் ஒன்பது கிலோமீட்டர் சுற்று. உலக முடிவுக்கு வந்து சேர்ந்தபோது பத்தேகால். 880 மீட்டர் நேர்ச் சரிவு, கீழே தோட்டங்கள், வானம் தெளிந்தால் தூரத்தில் தென்கடல் என்று சொல்வார்கள். நாங்கள் பார்த்தது சுண்ணாம்பு அடித்த சுவர். ஒரு அடிக்கு அப்பால் எதுவும் இல்லை. சுவருக்கு முன்னால் நின்று ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டது.

"கடல் தெரிஞ்சா மாமிக்கு வீடியோ எடுத்து அனுப்ப இருந்தன்" என்றாள் தர்ஷினி. முந்தாநாள் ராத்திரியிலிருந்து இதை மனசில் வைத்திருந்தாளாம். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். விலகவில்லை. பேக்கர் நீர்வீழ்ச்சியைப் பார்த்துக்கொண்டு திரும்பிவிட்டோம். அது சின்னதுதான், ஆனால் பனிக்குள் ஒளியாமல் நின்றதற்காகவே எனக்குப் பிடித்துப்போயிற்று. மகாவலி, களனி, வளவை மூன்றும் இந்தச் சமவெளியிலிருந்துதான் இறங்குகின்றன.

நுவரெலியா டவுனைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. செங்கல் நிறத் தபாலகம் 1894 இல் கட்டியது, அழகு. கிரகரி வாவி 1873 இல் ஆளுநர் கிரகரி வெட்டியது. தர்ஷினி அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு டிக்கட்டா? வந்து எங்கட வாவியைப் பாருங்க" என்று அங்கிருந்த ஒரு அண்ணனிடம் சண்டைக்கே போய்விட்டாள். சனிக்கிழமைக் கூட்டம் வேறு. ஸ்ட்ரோபெரி விலை கேட்டுவிட்டு கரட் வாங்கித் தின்றோம்.

நான்காம் நாள் – ஞாயிறு

சீதா எலிய அம்மன் கோவில் ரோட்டோரத்திலேயே இருக்கிறது. அசோகவனம் இதுதான் என்பது நம்பிக்கை. பின்னால் ஓடும் ஆற்றுப் பாறையில் இருக்கும் பள்ளங்களை அனுமான் பாதம் என்கிறார்கள். போன வருஷம் மே மாதம் கும்பாபிஷேகம் நடந்ததால் கோபுரத்து வர்ணம் இன்னும் புதுசாகவே இருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்த ஒரு பஸ் கூட்டம். அதில் ஒரு பாட்டி என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்க எந்த ஊரும்மா, மதுரைப் பக்கமா?" என்றார். "புசல்லாவை" என்றேன். "அது எந்த ஜில்லா?" என்றார். தர்ஷினி சிரிப்பை அடக்கப் பட்ட பாடு. அப்புறம் அவளும் கேட்டாள்: "நீ மறுகா எந்தப் பக்கம்கா? அவங்களுக்கு நீ இந்தியாக்காரி மாதிரி, இஞ்ச உள்ளவங்களும் அப்பிடித்தானே சொல்றாங்க?" பெரியம்மா அங்கே போய் இறங்கியபோது அந்த ஊரார் அவர்களைச் சிலோன்காரர்கள் என்றுதான் சொன்னார்களாம். இன்றைக்கும் அப்படித்தானாம். அதைச் சொன்னேன்.

ஹக்கலைத் தாவரவியல் பூங்கா, 1861 இல் சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கியது. மலேரியாவுக்கு மருந்து எடுக்கிற மரம். ரோஜாப் பாத்திகளைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும்.

அங்கிருந்து வெலிமடை இறக்கம். இந்த இறக்கத்தைப் பற்றி யாருமே எழுதுவதில்லை. ஒவ்வொரு வளைவிலும் குளிர் ஒரு படி இறங்குகிறது. முதலில் சால்வை போகிறது, அப்புறம் சுவெட்டர் போகிறது. தேயிலை விலகி உருளைக்கிழங்கும் போஞ்சியும் நெல்லும் வருகின்றன. ஊவா மாகாணத்தின் காற்றே வேறு. வெலிமடையில் ஒரு கடையில் சோறு, பலாக்காய்க் கறி. மூன்று நாளில் சாப்பிட்டதிலேயே அதுதான் நல்ல சாப்பாடு (அம்மா இதைப் படிக்க மாட்டார்).

இங்கே ஏ5 ஐ விட்டு விலகி பண்டாரவளை வழியாக எல்ல. எல்ல டவுன் எனக்கு ஒட்டவில்லை. பெயர்ப்பலகைகளில் தமிழைத் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் ஒன்பது வளைவுப் பாலம் தன் பெயரைக் காப்பாற்றிவிட்டது. 1921 இல் கல்லும் செங்கலும் சீமெந்தும் மட்டும் வைத்துக் கட்டியது, இரும்பு இல்லை. ஏறக்குறைய 24 மீட்டர் உயரம். முதலாம் உலக யுத்தத்துக்கு இரும்பு போய்விட்டதால் கல்லிலேயே கட்டினார்கள் என்று ஒரு கதை. கோச்சி (ரயில்) வருவதற்காக நூறு பேர் காத்திருந்தோம். வந்தது, அரை நிமிஷத்தில் போய்விட்டது. எல்லோரும் போனைப் பார்த்தார்கள். தர்ஷினி கோச்சிக்குக் கை காட்டிக்கொண்டு நின்றுவிட்டாள், படமே எடுக்கவில்லை. ராத்திரி பண்டாரவளையில் சித்தி வீடு. சித்தி சமையலைப் பற்றி எழுதினால் வீட்டில் பிரச்சினை வரும்.

ஐந்தாம் நாள் – திங்கள்

பண்டாரவளையிலிருந்து காலைக் கோச்சியில் பதுளை. நேற்று கீழே நின்று பார்த்த பாலத்தில் இன்று மேலே போனோம். ஆனால் எனக்கு அதைவிடத் தெமோதரைதான். ஸ்டேஷனில் நின்று புறப்பட்ட கோச்சி, மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைந்து போகிறது. தண்டவாளத்தை எப்படி இறக்குவது என்று தெரியாமல் என்ஜினியர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாராம். அந்தச் சுற்றைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்ததாம். கதையோ நிஜமோ, நான் நம்புகிறேன். "கங்காணிக்குச் சம்பளம் குடுத்தவங்களா?" என்று கேட்டாள் தர்ஷினி. பாதை பதுளைக்கு வந்து சேர்ந்தது 1924 இல்.

பதுளையில் வெயில். அவளுக்கு உயிர் வந்தது, எனக்குப் போயிற்று. முதியங்கன விகாரையை வாசலிலிருந்து பார்த்துவிட்டு துன்ஹிந்தவுக்கு ஓட்டோ. இறங்கி ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும், வழியெல்லாம் குரங்கு. 64 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து புகையாகக் கிளம்புகிறது. நாங்கள் போன நேரம் வெயில் நேரே விழுந்து எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. உலக முடிவு கடனை அடைத்துவிட்டது என்று வைத்துக்கொண்டோம்.

இரண்டு மணிக்கு மட்டக்களப்பு பஸ். அம்மா கொடுத்தனுப்பிய தேயிலைத் தூள் இரண்டு பார்சலை அவள் பையில் திணித்தேன். ஏறியதும் ஜன்னலால் தலையை நீட்டி, "அடுத்தது நீங்க ரெண்டு பேரும்தான், கண்டிப்பா!" என்றாள். கொண்டக்டர் "பசறை, பிபிலை, செங்கலடி!" என்று கத்தியபோது, நம் ரோட்டின் பெயரை மந்திரம் மாதிரிச் சொல்கிறாரே என்று தோன்றியது. பஸ் போன பிறகும் அங்கேயே நின்றேன். அப்புறம் பசி வந்தது, வடை வாங்கினேன்.

சித்தி வீட்டுக்குத் திரும்பிப் படுக்கப் போகும் நேரத்தில் அவள் அழைப்பு. "இறங்கிட்டன்கா. இஞ்ச வேர்க்குது. மாமிட நம்பர் தா" என்றாள். கொடுத்தேன். அரை மணி நேரம் கழித்து அம்மா எடுத்தார்.

"ஏ புள்ள, அந்தச் சந்தியில எறங்கினா கடலுக்கு ஓட்டோவுலயே போயிரலாமாமே. களுவன்கேணியாம். இங்கேருந்து பதுளை போயி பஸ் மாறணும்னா, ரெண்டு பேருக்கு எவ்வளவு ஆகும்?"